ஐந்து தொட்டிலுக்கு ஒரு கயிறு

குன்னத்தூர்
19.1.2025

தங்கை சித்ராதேவிக்கு,

செய்தி எனக்கு வந்தது பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. எப்போது தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இங்கே அம்மா வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை. சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

பல்லடம் ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். நூல் அறுந்து மிஷின் நின்றிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிஷினின் பேனலில் தெரிந்த மணி அது. போனில் பேசியவர் போலீஸ்காரர். "தரணிங்கறது உங்க சம்சாரமுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். ஸ்கூட்டரை லாரி தட்டிவிட்டது என்றார். அப்புறம், "தனியா வராதீங்க. யாராச்சும் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். அதிலேயே தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, அறுந்த நூலை முடிந்து, மிஷினை ஓடவிட்டு, துணி சரியாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்காததற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். போனில் முதல் வார்த்தைக்கு மேல் எனக்குக் குரல் வருவதில்லை. ஆனால் போனை அணைப்பதும் இல்லை, ராத்திரியில்கூட. அணைத்தால் இன்னொரு செய்தி வந்து வெளியே நின்றுகொண்டிருக்கும் என்று தோன்றுகிறது.

வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் அண்ணனிடம், திருப்பூர் வீட்டை மார்ச்சோடு காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எத்தியோப்பியாவில் ஒரு பனியன் கம்பெனிக்கு மிஷின் பார்க்க ஆள் கேட்கிறார்கள். போகலாம் என்றிருக்கிறேன். தரணி அங்கே நடத்திவந்த உங்கள் வகுப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னறையில் இருக்கும் தொட்டில் பைப்பைக் காலி செய்யும்போது நீங்களே எடுத்துக்கொள்ளலாம். நாலு போல்ட். பதினேழாம் நம்பர் ஸ்பானர் வேண்டும்.

வேல்குமார்

*

திருப்பூர்
27.1.2025

அன்புள்ள வேல்குமார் அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். சாப்பிட்டீர்களா என்றும் கேட்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை நான் மட்டும் படிக்கவில்லை. எட்டுப் பேரும் சேர்ந்துதான் படித்தோம். இந்தக் கடிதத்தையும் எல்லோரும் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவோம். பத்தாவதில் கடிதம் எழுதச் சொல்லிக் கட்டாயம் ஒரு கேள்வி வரும் என்று தரணி அக்கா வாரம் ஒரு கடிதம் எழுத வைப்பார்கள். பேச்சுத் தமிழ் வந்தால் சிவப்பு மையில் வட்டம். அதனால் அண்ணா, நீங்கள் போன் எடுக்காதது எங்களுக்கு நல்ல பயிற்சி.

நீங்கள் எழுதிய மாதிரியே நாங்கள் இடம் மாறிவிட்டோம். இப்போது வகுப்பு என் வீட்டில். வீடு என்றால் லைன் வீடுதான், ஒரு அறை, ஒரு சமையலறை. எட்டு அம்மாக்கள், ஐந்து கைக்குழந்தைகள், நடக்கிற மூன்று, இவற்றோடு என் மாமியார் பெரியாத்தாள். அத்தை கதவோரம் உட்கார்ந்து, "ஒம்போதாவதோட நின்னவளுக எல்லாம் இப்ப கலெக்டராகப் போறாளுகளாமா" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்கிறார்கள். அண்ணா, ஒன்பதாவதோடு நின்று கம்பெனிக்கு வந்தோம், கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. இனி பரீட்சை எழுதலாம் என்று எங்களிடம் சொன்ன ஒரே ஆள் அக்கா. கலெக்டர் எல்லாம் வேண்டாம். பத்தாவது பாஸ் என்றால் கம்பெனியில் செக்கிங் டேபிளிலிருந்து ஆபீஸ் பக்கம் போகலாம். எனக்கு நர்ஸிங் உதவியாளர் படிப்பு. மனதுக்குள் வைத்திருக்கிறேன்.

தொட்டில்தான் சிரமம். உங்கள் முன்னறையில் ஒரு பைப், ஐந்து தொட்டில், ஐந்துக்கும் ஒரே கயிறு. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கயிற்று நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தருவார்கள். கால் நின்றால் ஐந்தும் அழும். இங்கே நாங்களே தொட்டில் கட்டினோம். சேலையில் கட்டத்தானே வேண்டும்? எங்கள் எட்டுப் பேரிடமும் உருப்படியாக ஒரு நூல்சேலை இல்லை, எல்லாம் நைட்டியும் சுடிதாரும். சரி, கம்பெனியில் வேஸ்ட் பனியன் துணி கிடைக்கிறதே என்று அதில் கட்டினோம். என் மகன் குகனைப் படுக்கப் போட்டேன். அழகாகத் தூங்கினான். வரலாறு ஒரு பாடம் முடிந்து திரும்பிப் பார்த்தால் துணி இழுத்து இழுத்து அவன் முதுகு தரையில் கிடக்கிறது. அவன் தூங்கிக்கொண்டேதான் இருந்தான். அத்தை மட்டும் விழித்துக்கொண்டார்கள். பனியன் ஊரில் இருந்துகொண்டு பனியன் துணி இழுக்கும் என்று தெரியாதவர்களுக்குப் பரீட்சை எதற்கு என்றார்கள்.

பைப்பைக் கழற்ற மாட்டோம். எங்கள் யாரிடமும் ஸ்பானர் இல்லை. இருந்தாலும் கழற்ற மனது வராது. பரீட்சை வரைக்குமாவது சாவியைத் தர முடியுமா அண்ணா?

உங்கள் தங்கை
சித்ராதேவி மற்றும் எழுவர்

*

குன்னத்தூர்
2.2.2025

தங்கைக்கு,

பனியன் துணி அகலவாக்கில்தான் அதிகம் இழுக்கும். நீளவாக்கில் இழுப்பு குறைவு. ரோலில் துணி எந்தத் திசையில் ஓடுகிறதோ அது மேலும் கீழும் வருமாறு கட்ட வேண்டும். சிங்கிள் ஜெர்சி மெல்லிசு, வேண்டாம். இன்டர்லாக் துணி கனமானது, காதர்பேட்டையில் கட் பீஸாகக் கிடைக்கும். இரண்டு மடிப்பாகப் போடுங்கள். கட்டியதும் குழந்தையைப் போடக் கூடாது. முதலில் அரிசிப்பை வைத்து ஒரு ராத்திரி தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறங்க வேண்டியதெல்லாம் இறங்கியபின் முடிச்சை மறுபடி போடுங்கள்.

சாவி விஷயம். அந்த வீட்டை இப்போது திறக்க வேண்டாம். ஸ்டூலில் அவள் துண்டு கிடக்கிறது. போர்டில் அவள் எழுத்து இருக்கிறது. நீங்கள் வந்தால் அதை அழித்துவிட்டுத்தான் வேறு எழுத முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். உங்கள் எட்டுப் பேரின் பரீட்சை விண்ணப்பத்தைக் கொடுக்கத்தான் அவள் அன்றைக்கு சேவை மையத்துக்குப் போனாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் சிரிப்பு வருகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன்.

எத்தியோப்பியாக்காரர்கள் பாஸ்போர்ட் நகல் வாங்கிக்கொண்டார்கள்.

வேல்குமார்

*

திருப்பூர்
12.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை. ஒவ்வொருவராக வாங்கிப் படித்தோம். அன்று வகுப்பு நடக்கவில்லை. நாலு நாள் யாரும் வரவில்லை. நீங்கள் எழுதியதைத்தான் நாங்களும் தினமும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் எழுதுவதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அக்கா கொடுக்கப் போனபோது இல்லை அண்ணா. கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது.

அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்தார்கள். உங்களுக்குச் செய்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால். கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தேன், சூப்பர்வைசர் பார்க்காமல் டேபிளுக்கு அடியில் குனிந்து பேசினேன். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வட்டம் போட ஆள் இல்லை. "கண்ணு, எட்டுப் பேருதும் ஏத்தியாச்சு. ஒருத்தி போட்டோ மட்டும் மறுக்கா எடுக்கச் சொன்னாங்க, அதையும் சண்டை போட்டு வாங்க வெச்சுட்டேன். இனி நீங்களாச்சு, பரீட்சையாச்சு. நான் போயி எங்கூட்டுக்காரருக்குக் கோவக்காய் பொரியல் பண்றேன், ரெண்டு வாரமா கேட்டுட்டே இருக்காரு." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சூப்பர்வைசர் வந்துவிட்டார், வைத்துவிட்டேன்.

இதை உங்களிடம் சொல்லத்தான் அத்தனை முறை கூப்பிட்டேன்.

அக்கா எடுத்த காரியம் பாதியில் நிற்கவில்லை அண்ணா. முடித்துவிட்டார்கள். நிறுத்தினால் நாங்கள்தான் நிறுத்தியதாக ஆகும். அதனால் திங்கட்கிழமை மறுபடி உட்கார்ந்துவிட்டோம்.

பரீட்சை நாட்களுக்கு லீவு கேட்டோம். ஷிப்மென்ட் நேரம், ஒருத்திக்கும் லீவு கிடையாது என்றார் மேனேஜர். வழக்கமாக ஒருத்தி போய்க் கேட்போம், திட்டு வாங்கி வருவோம். இந்த முறை எட்டுப் பேரும் குழந்தைகளோடு போய் அவர் கண்ணாடி ரூமுக்கு வெளியே நின்றோம். ஒன்றும் பேசவில்லை. குழந்தைகள்தான் பேசின. அரை மணி நேரத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஈடுகட்ட வேண்டும் என்றார். சரிங்க என்று வந்துவிட்டோம்.

இன்னும் ஒன்றுதான் தீரவில்லை. பரீட்சை மூன்று மணி நேரத்துக்கு மேல். உள்ளே போனால் முடியும்வரை வெளியே வரக் கூடாது. "அஞ்சு கைக்குழந்தையும் எங்கிட்ட, நீங்க உள்ள போங்க" என்று அக்கா சொல்லியிருந்தார்கள். பால்குடிக் குழந்தைகளை யார் பார்ப்பது? அத்தை முடியவே முடியாது என்கிறார்கள். மற்ற வீடுகளிலும் அதே கதை. உங்களைக் கேட்கவில்லை அண்ணா. நிலவரத்தைச் சொல்கிறேன்.

அக்காவின் போன் உங்களிடம்தானே இருக்கிறது? வகுப்புக்கு ஆள் சேர்க்க அக்கா லைன் வீடுகளிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டிய நோட்டீஸில் அந்த நம்பர்தான். யாராவது கூப்பிட்டால் வகுப்பு நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

தங்கை
சித்ராதேவி மற்றும் எழுவர்

*

குன்னத்தூர்
23.2.2025

தங்கைக்கு,

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தபோது முன்பக்கப் பெட்டியில் ஒரு பையில் கோவக்காய் இருந்தது. காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. சேவை மையத்துக்குப் போகிற வழியில் காய்க்கடையே கிடையாது. எங்கே வாங்கினாள், ஏன் வாங்கினாள் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. திரும்பும்போது எனக்காகச் சுற்று வழியில் போய் வாங்கியிருக்கிறாள். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நான் ரொம்ப நேரம் அழுதேன். டிசம்பரிலிருந்து அதுதான் முதல் தடவை. அம்மா கதவைத் தட்டவில்லை.

தரணி போன் டிராயரில் இருந்தது. திரையில் விரிசல், ஆனால் வேலை செய்கிறது. சார்ஜ் போட்டு வைத்தேன். வியாழக்கிழமை அடித்தது. பல்லடத்திலிருந்து ஒரு பெண், பரணி என்று பேர். விசைத்தறிக் கூடத்தில் வேலை. "ஏனுங்க, கைக்குழந்தையோட வந்தா சேத்துக்குவீங்ளா?" என்று கேட்டாள். தரணி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சேத்துக்குவோமுங்க, தொட்டில் இருக்குது" என்று வந்துவிட்டது. முதல் வார்த்தைக்கு மேலும் குரல் வந்தது. அப்புறம் எத்தனையாவது வரை படித்தாள், எந்த ஷிப்ட் என்றெல்லாம் கேட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்தானே நான்.

சாவியை நாளைக் காலை முதல் பஸ் கண்டக்டர் அந்தோணிராஜ் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதம் வந்ததும் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். போர்டை அழித்துக்கொள்ளுங்கள். துண்டை மட்டும் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

ஐந்து குழந்தைகளின் எடையும் தனித்தனியாக வேண்டும். தோராயமாக வேண்டாம், சரியான எடை. ஒரு பைப் ஸ்டாண்டு கணக்குப் போடுகிறேன். தரையில் நிற்பது, கழற்றி மாட்டுகிற மாதிரி.

வேல்குமார்

*

திருப்பூர்
5.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாவி வந்தது. கண்டக்டர் அண்ணன் காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். வீட்டைத் திறந்து கூட்டினோம். துண்டு அலமாரியில். போர்டில் மேல் ஓரத்தில் அக்கா தேதி எழுதிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை அழித்தோம். வகுப்பு நடக்கிறது. பரணியும் வந்துவிட்டாள், இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவளுக்கு அடுத்த வருடம்தான் பரீட்சை. இப்போதைக்குக் கயிறு அவள் காலில்.

எடை. வீட்டுக்கு வீடு தராசு தேடினோம். கடைசியில் கம்பெனியில் துணி ரோல் எடை போடும் மிஷினிலேயே சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டோம். ஸ்டோர்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது எந்தப் பார்ட்டி சரக்குங்க?" என்றார். ஏற்றுமதி இல்லீங்க, உள்ளூர்தான் என்றோம். சின்னது ஐந்தரை கிலோ, நம்ம குகன் எட்டு. மற்ற மூன்றும் நடுவில். தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குகன் எடை போடும்போது மிஷினை ஈரமாக்கிவிட்டான், அதையும் சேர்த்து எட்டு.

ஹால்டிக்கெட் எட்டும் வந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே ஸ்கூல். இருபத்தெட்டாம் தேதி தமிழ்.

நீங்கள் எப்போது எத்தியோப்பியாவுக்குக் கிளம்புகிறீர்கள் என்று எட்டுப் பேரும் கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கை
சித்ராதேவி மற்றும் எண்மர் (பரணியையும் சேர்த்து)

*

பரீட்சை நடக்கும் ஸ்கூல் கேட்டுக்கு எதிரில்
28.3.2025

தங்கை சித்ராதேவிக்கு,

நீங்கள் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வெளியே எழுதுகிறேன். வெளியே வந்ததும் கையில் கொடுப்பதற்காக.

காலையில் ஒருவரோடு ஒருவர் பேச நேரமில்லாமல் போய்விட்டது. குட்டியானை லோடு வண்டியின் பின்னால் பைப் ஸ்டாண்டையும் ஐந்து தொட்டிலையும் பார்த்து நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். "உள்ள போங்க, பெல் அடிச்சுரும்" என்று நான் அதட்டியதுபோல் ஆகிவிட்டது. தப்பாக நினைக்க வேண்டாம். நிதானமாகச் சொல்ல வரவில்லை.

வண்டியைப் புங்கமரத்து நிழலில் ஓரம்கட்டியிருக்கிறேன். வெயில் திரும்பினால் வண்டியையும் திருப்பிக்கொள்ளலாம், அதற்குத்தான் வண்டி. துணி இன்டர்லாக், நீளவாக்கில் கட்டியது. அரிசிப்பை வைத்து இரண்டு ராத்திரி தொங்கவிட்டேன், இனி இறங்காது. கயிறு என் காலில். இந்தக் கடிதத்தில் எழுத்து ஆடுவது அதனால்தான்.

உங்கள் அத்தை வந்திருக்கிறார்கள். வர மாட்டேன் என்றவர், பெல் அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார்கள். இப்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நடக்கிற மூன்றுக்கும் பன் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். போகிறவர் ஒருவர் நின்று இது என்ன கடை என்று கேட்டார். "கடை இல்லீங்க, எம் மருமக பத்தாவது எழுதறா. உள்ளார இருக்கறா" என்றார்கள். கேட்காத இன்னொருவரிடமும் சொன்னார்கள்.

குகன் ஒரு தடவை எழுந்து அழுதான். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பாலை அத்தை கொடுத்தார்கள். அப்புறமும் அழுதான். தோளில் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி நடந்தேன். சட்டையை ஈரமாக்கினான். தரணி தோளிலும் இப்படித்தான் சாயங்காலமானால் யாராவது ஒருவனின் ஈரம் இருக்கும். என்ன வாசனை இது என்று நான் கேட்பேன். வகுப்பு வாசனை என்பாள். இன்றைக்கு அந்த வாசனை என் மேல்.

கடிதம் எழுதும் கேள்வி வந்திருக்கும். யாருக்கு எழுதச் சொன்னார்களோ. உங்களுக்கு அது சிரமமாக இருந்திருக்காது.

மகுடேஸ்வரன் அண்ணனைக் காலையில் பார்த்தேன். காலி செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். "நானே கேக்கலாம்னு இருந்தேன், அந்தப் புள்ளைங்க சத்தமில்லாம லைனே வெறிச்சுன்னு கெடந்துச்சு" என்றார். குன்னத்தூரிலிருந்து என் பெட்டியை எடுத்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் சாயங்கால ஷிப்ட் சர்வீஸ் எடுக்கப்போவதில்லை. கணக்கும் அறிவியலும் நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது, நீங்கள்தான் பரணிக்குச் சொல்லித்தர வேண்டும்.

எத்தியோப்பியாக்காரர்கள் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வருகிறேனா இல்லையா என்று இன்றைக்குத் தெரிய வேண்டுமாம். வர முடியவில்லை என்று நேற்றே மெயில் போட்டுவிட்டேன். இருந்தாலும் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. சின்னது இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறது. போன் மணி அடித்தால் ஐந்தும் எழுந்துவிடும்.

ஏதாவது என்றால் இனிமேல் தரணியின் நம்பருக்குக் கூப்பிடுங்கள். அது என் சட்டைப்பையில் இருக்கிறது, சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். என் போனை அணைத்துவிட்டேன்.

வேல்குமார்